பட்டிப்பொலக் குளிரில் ஒரு வாசிப்புக் கருவி

சமீப காலத்தில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்த பொருள்களுள், உடுத்திக்கொள்ளச் சில, கூடத்தை அலங்கரிக்கச் சில என்று இருந்தபோதிலும், என் பிரியத்தை முழுமையாகப் பெற்றுவிட்டது 2021ஆம் ஆண்டு வெளியான கிண்டில் பேப்பர்வைட் என்னும் மின்நூல் வாசிப்பானே. இலங்கையின் ரயில் நிலையங்கள் யாவற்றினும் உயரமாக, கடல்மட்டத்திலிருந்து 1,891 மீட்டரில் அமைந்திருக்கும் பட்டிப்பொலவில், அச்சுப் புத்தகம் மழைக்காலத்து ஈரத்தை உறிஞ்சி, ஓரங்களில் பூஞ்சணம் படிந்து, கட்டவிழ்ந்து போவதைக் கண்டு வருந்தியவர்களுக்கும், நல்ல தமிழ் நூல் ஒன்று வேண்டுமானால் நுவரெலியாவுக்கோ ஹற்றனுக்கோ பயணப்பட வேண்டியவர்களுக்கும் இச்சாதனத்தின் அருமையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இதன் விசேஷம் திரையில் இருக்கிறது. கைபேசியின் திரை கண்ணை நோக்கி இடைவிடாது ஒளியை வீச, இதன் திரையோ நுண்ணிய குமிழ்களுக்குள் மிதக்கும் கறுப்பு வெள்ளைத் துகள்களை மின்விசையால் மேலும் கீழும் நகர்த்தி எழுத்தை உருவாக்குகிறது. அவ்வாறு உருவான பக்கம் அப்படியே நிலைத்திருக்க மின்சாரம் வேண்டியதில்லையாதலால், ஒருமுறை ஏற்றிய மின்கலம் வாரக்கணக்கில் தாங்குகிறது. 6.8 அங்குலத் திரையில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் அமைந்திருப்பதால், மெய்யெழுத்தின் புள்ளியும் ணகர னகரச் சுழிகளும் சிதையாமல் துலங்குகின்றன. 205 கிராம் எடையே உள்ளதாகையால், கம்பளிக்குள் ஒடுங்கிப் படுத்தபடி ஒரு கையில் பிடித்து நெடுநேரம் வாசித்தாலும் மணிக்கட்டு சோர்வதில்லை.

தோட்டத் தொழிலாளரின் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் காம்பராவில் பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாகவே உறங்க வேண்டியிருக்கும் வீடுகளில், இரவு வாசிப்பு என்பது மற்றவர் நித்திரையைக் கெடுக்கும் காரியமாகவே இதுவரை இருந்து வந்திருக்கிறது. திரையின் விளிம்பிலிருந்து எழுத்தின் மீது மட்டும் படரும் இதன் மெல்லிய ஒளி, வேண்டியபோது மஞ்சள் சாயலுக்கும் மாறக்கூடியது; அடுத்த பாயில் படுத்திருப்பவரை எழுப்பாமல் ஒரு மாணவி விரும்பிய வரை வாசிக்க இடமளிப்பது. இந்த ஒரு சௌகரியத்துக்காகவே இதை நான் மனமாரப் போற்றுவேன்.

குறைகளையும் மறைப்பதற்கில்லை. கம்பளிக் கையுறை அணிந்த விரலுக்குத் திரை இணங்குவதில்லை. பக்கம் திருப்பத் தனிப் பொத்தானும் இல்லாமையால், கடுங்குளிரிலும் கையுறையைக் கழற்றியாக வேண்டும். நன்னீரில் இரண்டு மீட்டர் ஆழத்தில் ஒரு மணி நேரம் வரை தாங்கும் காப்பு இருப்பினும், திரையில் விழும் மழைத்துளியையே விரலென்று கொண்டு அது சில வேளைகளில் பக்கம் புரட்டிவிடுகிறது. பூச்சியம் பாகை சென்டிகிரேடுக்குக் கீழே பயன்படுத்துவதற்கென இது அமைக்கப்படவில்லை. ஆகவே தை மாசி மாதங்களில் உறைபனி விழும் விடியற்காலையில் இதை வெளியே கொண்டு செல்லாதிருப்பது உத்தமம்.

மலையக வாசகனுக்கு முக்கியமான பரீட்சை வேறொன்று. சி. வி. வேலுப்பிள்ளையும், ‘ஒரு கூடைக் கொழுந்து’ தந்த என். எஸ். எம். இராமையாவும், தெளிவத்தை ஜோசப்பும் எழுதி வளர்த்த நம் இலக்கியத்தை இக்கருவி எவ்வளவு தூரம் ஏந்தித் தருகிறது? 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களோடு மலையக நூல்கள் பலவற்றையும் மின்வருடி எவரும் இலவசமாகப் படிக்க வைத்திருப்பது பெரும் புண்ணியமே. ஆயினும் அவை பெரும்பாலும் பக்கங்களின் படங்களாக இருப்பதால், சிறிய திரைக்குள் எழுத்துக் குறுகிப்போகிறது. கருவியைக் கிடையாகத் திருப்பினால் ஓரளவு பெரிதாகுமேயன்றி, நம் கண்ணுக்கேற்ற அளவில் எழுத்தை மாற்றியமைக்க வழியில்லை. 1998இல் தோன்றிய மதுரைத் திட்டம் தட்டச்சு செய்து வழங்கும் பழந்தமிழ் நூல்களும், மின்நூல் வடிவிலேயே வெளியாகும் புதிய நூல்களுமோ நாம் விரும்பும் அளவுக்கு எழுத்தைப் பெருக்கிக்கொள்ள இடந்தருகின்றன. கருவி ஒன்றே; நூல் எழுத்தாக வருகிறதா, படமாக வருகிறதா என்பதே வாசிப்பின் சுகத்தைத் தீர்மானிக்கிறது.

ஆகவே என் அபிப்பிராயம் இது: நாவலும் கட்டுரையும் இடையறாது வாசிப்பவர், வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் மூலமாயினும் இதைத் தருவித்துக்கொள்ளலாம்; பழைய நூல்களின் மின்வருடல்களையே பெரிதும் நாடுபவருக்குப் பத்தங்குலப் பலகைக் கணினியே தக்கது. கணினியில் தமிழ் தட்டச்சு அறிந்த மலையக இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய மலையக நூலோ சஞ்சிகையோ கிடந்தால், ஈரம் அதை அரிக்குமுன் நூலகத்தாரிடம் சேர்ப்பியுங்கள். உரிமையாளரின் அனுமதி பெற்று, ஆண்டுக்கு ஒரு நூலையாவது பிழையறத் தட்டச்சு செய்து மின்நூலாக்குங்கள்.