ஊழா, பொச்சாப்பா?

கங்காதர நெல்லூர், சித்தூர்ப் பகுதிகளில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களோடு ஒரு சொல் நாள்தோறும் விளையாடுகிறது. வீட்டில் விருந்தைப் 'பிரமாதம்' என்று புகழ்கிறோம். வாயிலைத் தாண்டினால், தெலுங்கில் விபத்துக்கே அதுதான் பெயர். வடமொழியில் அச்சொல் கவனக்குறைவைக் குறிக்கும். அண்டை மொழி விபத்தின் பெயருக்குள்ளேயே அதன் காரணத்தைப் பொதிந்து வைத்திருக்கிறது. நாமோ 'தலைவிதி' என்று சொல்லி அமைந்துவிடுகிறோம்.

இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை நோக்குவோம். கோவலன் இறந்தது ஊழ்வினையால் என்பதே வழக்கமான உரை. முற்பிறப்பில் அவன் பரதனாக இருந்து, சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனக் காட்டிக் கொல்வித்த கதையை மதுராபதித் தெய்வமும் உரைக்கிறது. ஆயினும் நிகழ்ச்சியைப் பிரித்துப் பார்த்தால் மூன்று இழைகள் தெரிகின்றன.

சிலம்பு விற்கச் சென்றவன் எதிரே அரண்மனைப் பொற்கொல்லன் வந்தது தற்செயல். வேறொரு வேலையாகச் சந்தைக்குப் போனவன் தனக்குக் கடன்பட்டவனைக் காண்பதை எடுத்துக்காட்டித் தற்செயலை விளக்கினார் அரிஸ்டாட்டில். மதுரை வீதிச் சந்திப்பும் அத்தகையதே. தான் திருடிய சிலம்பின் பழியைப் பொற்கொல்லன் பிறன்மேல் ஏற்றியது வஞ்சம். ஊடிய தேவியை நாடிச் செல்லும் விரைவில், ஒரு வினாவும் எழுப்பாமல் பாண்டியன் ஆணையிட்டது பொச்சாப்பு.

அவ்விடத்தில் பழவினை கனிந்த வேளை என்றே இளங்கோவடிகள் காரணம் கூறுகிறார். எனினும் அரசனை அவர் விடுவிக்கவில்லை. வழக்குரை காதையில் பாண்டியன் ஊழின் பின்னே ஒளியவில்லை. தன்னையே கள்வன் என்று தீர்ப்பளித்து உயிர் துறக்கிறான். அரசியலில் தவறியோரை அறமே அழிக்கும் என்பதைப் பதிகம் முதற்கண் வைத்து, ஊழினைப் பின்னர் வைத்ததும் இதனாலன்றோ?

வள்ளுவரும் 38ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையை உரைத்தார், அத்துடன் நின்றாரில்லை. 54ஆம் அதிகாரத்தில் பொச்சாவாமையை வற்புறுத்தினார். 62ஆம் அதிகாரத்தில் முயற்சி ஊழையும் புறங்காணும் என்றார்.

கோப்புகளிடையே காலம் கழிக்கும் நமக்கு இது ஏட்டுப் பாடமன்று. நாம் தவறிய இடத்தில் வைத்த ஒரு தாள், ஒரு முதியவரின் ஓய்வூதியத்தைத் தள்ளிப்போடும். பின்விளக்கின்றி இரவில் நிறுத்திய லாரி, ஒரு குடும்பத்தின் விளக்கை அணைக்கும். பறிகொடுத்தவர் விதி என்று சொல்லித் தேறலாம். அது அவர் துயருக்கு மருந்து. பிழை செய்தவர் அச்சொல்லை எடுத்தாள்வது தகாது. அவர் முன் பாண்டியன் காட்டிய வழி ஒன்றே உள்ளது.