நக்கீரர் வினாவும் வேற்றுலகத்தார் கூந்தலும்

மானிடரல்லாதார் தலைமுடியைப் பற்றித் தமிழில் நடந்த வழக்கு ஒன்று உண்டு. அதனை விஞ்ஞானக் கதையோடு சேர்த்து எண்ணும் வழக்கம் நம்மிடம் இல்லை. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு, தலைவியின் கூந்தலைவிட மணமுள்ள பூ உண்டோ என்று தும்பியிடம் கேட்பது. அப்பாட்டைத் தருமி சங்கத்துக்குக் கொணர்ந்த கதையைப் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் விரித்துப் பாடினார். ஏ. பி. நாகராசன் 1965-இல் அதைப் படத்தில் வைத்து, நக்கீரராகத் தாமே நடித்தார். நெகிரி செம்பிலான் தோட்டங்களில், திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய நாட்களைக் கண்டவர்களுக்கு அந்த வாதம் இன்றும் மனப்பாடம்.

வாதத்தின் போக்கைச் சற்று நினைவுகூர்வோம். கூந்தலின் மணம் பூவால் வருவது, இயற்கையன்று என்றார் நக்கீரர். உயர்குலப் பெண்டிர்க்கும் அப்படித்தானா என்று கேட்கப்பட்டது. ஆம் என்றார். தேவமாதர்க்கு? அவர்கள் மந்தார மலர் சூடுவதால் மணக்கிறது என்றார். நீர் வழிபடும் காளத்திநாதரின் ஞானப்பூங்கோதைக்கு? அதுவும் அவ்வாறே என்றார். இதற்காக அவர் நெற்றிக்கண்ணின் வெம்மைபட்டுப் பொற்றாமரைக் குளத்தில் விழ நேர்ந்தது. புராணத்தின் நோக்கம் பக்தி. அதனோடு நமக்கு இங்கே பூசல் இல்லை. நான் காட்ட விரும்புவது அவர் விடையின் அமைப்பை. விண்ணுலகில் பூ வேறாக இருக்கலாம், ஆனால் மணம் வரும் வழி மண்ணுலகில் உள்ள வழியே என்பது அவர் கட்சி. எந்த உலகத்துக்குப் போனாலும் காரணமின்றிக் காரியம் இல்லை. விஞ்ஞானக் கதைக்கு இலக்கணம் வகுப்போர் இதற்கு மேல் என்ன சொல்லிவிட முடியும்?

இந்த அளவுகோலைக் கையிலெடுத்துக்கொண்டு எச். ஜி. வெல்ஸிடம் போனால் அவர் தேறிவிடுகிறார். 1893-இல் எழுதிய ஒரு கட்டுரையில், பத்து இலட்சம் ஆண்டுகளுக்குப் பின் வரும் மனிதனை அவர் கற்பனை செய்தார். 1898-இல் வெளிவந்த செவ்வாய்க் கிரகத்தார் படையெடுப்புக் கதையிலே அந்தக் கருத்தை நினைவூட்டவும் செய்தார். பொறிகள் பெருகப் பெருகக் கைகால் தேயும். இரசாயனம் வளர வளர வயிறு தேயும். மயிர், மூக்கு, பல், காது, மோவாய் ஆகியவை வேண்டாதனவாகி மறையும். மூளை மட்டும் பருக்கும். ஏற்கிறோமோ இல்லையோ, இது ஒரு வாதம். நக்கீரர் எதிரே நின்று சொல்லத்தக்க வாதம்.

அதனினும் நுட்பமானது 1895-இல் வந்த அவருடைய கால யந்திரக் கதை. எட்டு இலட்சம் ஆண்டு கடந்த உலகில் மனித குலம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. மேலே வெயிலில் வாழும் ஏலோய் மக்களுக்கு ஒரே மாதிரிச் சுருண்ட முடி, கழுத்தோரத்திலும் கன்னத்தோரத்திலும் கோடு கிழித்தாற்போல் நின்றுவிடுகிறது. முகத்தில் ஒரு மயிரும் இல்லை. கீழே இருட்டில் பொறிகளோடு வாழும் மார்லாக் இனத்துக்கு வெளிறிய முடி தலையிலிருந்து முதுகு வரை இறங்குகிறது. முடியைப் பார்த்தே யார் உழைப்பவர், யார் உண்பவர் என்று சொல்லிவிடலாம் (உண்பவர் யார் என்பதில் வெல்ஸ் வைத்திருக்கும் பயங்கரத் திருப்பத்தை, படிக்காதவர்க்காக விட்டுவிடுகிறேன்). மேட்டில் துரை பங்களா, பள்ளத்தில் லயத்து வீடுகள் என்று பார்த்து வளர்ந்தவர்க்கு இக்கதையை விளக்க உரையாசிரியர் வேண்டியதில்லை.

வெல்ஸுக்குப் பின் வந்தவர்கள் அவர் முடிவை எடுத்துக்கொண்டு வாதத்தை விட்டுவிட்டார்கள். வழுக்கைத் தலை, பெரிய கண், சாம்பல் மேனி என்பது வேற்றுலகத்தானுக்கு முத்திரையாகிவிட்டது. 1979-இல் வெளிவந்த ஸ்டார் டிரெக் திரைப்படத்தை எடுத்துக்கொள்வோம். அதில் டெல்டா என்னும் உலகத்துப் பெண்ணாக நடித்தவர் பம்பாயைச் சேர்ந்த பெர்சிஸ் கம்பாட்டா, 1965-இல் இந்திய அழகியாகத் தேர்வு பெற்றவர். அவர் வேடத்துக்காக மெய்யாகவே தலையை மழித்துக்கொண்டார். மேல்நாட்டுப் பார்வையாளர் அந்தத் தலையைக் கண்டதும் வேறு உலகம் என்று கொண்டனர். நம் ஊர்ப் பாட்டி ஒருத்தி கண்டிருந்தால், எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்று கேட்டிருப்பாள். தைப்பூசத்துக்குப் பத்துமலை போய் முடியிறக்கிச் சந்தனம் பூசி வரும் பெண்கள் நமக்கு அயலார் அல்லர். ஒரு காலத்தில் கைம்பெண்களின் தலையை மழித்த கொடுமையையும் நம்மவர் அறிவர். மழித்த தலை தமிழில் பல செய்திகளைச் சொல்லும். வேற்றுலகம் என்ற செய்தியை மட்டும் அது ஒருபோதும் சொன்னதில்லை.

நம் முன்னோர் மானிடரல்லாதாரைக் காட்டியபோது மயிரை நீக்கவில்லை. மயிரின் நிலையை மாற்றினார்கள். திருமுருகாற்றுப்படையில் வரும் பேய்மகளுக்கு எண்ணெய் காணாது காய்ந்த தலை. நளன் கதையில் தமயந்தி தேவர்களைப் பிரித்தறிந்தது, இமையாத கண்ணையும் நிலம் தோயாத காலையும் வாடாத மாலையையும் கொண்டு. வாடாத மாலைக்குக் காரணம் உண்டு, அவர்கள் காலத்துக்கு உட்படாதவர்கள். பேயின் வறண்ட தலைக்கும் காரணம் உண்டு, அதற்கு எண்ணெய் தேய்த்துவிட வீடும் இல்லை, ஆளும் இல்லை.

தமிழ்த் திரைப்படங்கள் இந்த வழியைப் பின்பற்றினவா என்றால், பெரும்பாலும் இல்லை. 1963-இன் 'கலை அரசி'யில், விஞ்ஞானம் கற்று இசை அறியாத உலகத்தார் நம் பாடகியைக் கவர்ந்து செல்கிறார்கள். எண்ணம் உயர்ந்தது, ஆயினும் அவ்வுலகின் வாழ்க்கை நம் கண்முன் எழவில்லை. 2010-இன் 'எந்திரன்' தன்னைப் படைத்தவனின் முகத்தோடும் முடியோடும் நடமாடுவது, அவன் சாயலாகவே செய்யப்பட்டதால், அது தகும். 2024-இன் 'அயலான்' படத்தில் வரும் விருந்தினனோ வெல்ஸின் பேரப்பிள்ளை. அவனுக்கு ஏன் முடியில்லை என்று படம் கவலைப்படவில்லை.

காரணத்தோடு தலையை அமைத்த ஒரு படத்தையும் சொல்ல வேண்டும். கொழும்பில் நெடுங்காலம் வாழ்ந்த ஆர்தர் கிளார்க்கும் இயக்குநர் குப்ரிக்கும் சேர்ந்து உருவாக்கிய '2001' என்னும் 1968-ஆம் ஆண்டுப் படம் அது. விண்கப்பலில் பணிபுரியும் பெண்கள் தலையை முழுதும் மூடிய பருத்த வெண்குல்லாய் அணிந்து நடக்கிறார்கள். அலங்காரம் என்று தோன்றும். ஆனால் எடையில்லாத இடத்தில் முடி கீழே தொங்காது, நாற்புறமும் எழுந்து நிற்கும். சுனிதா வில்லியம்ஸ் 2024 சூன் முதல் 2025 மார்ச்சு வரை விண்வெளி நிலையத்தில் இருந்தபோது அவர் கூந்தல் நின்ற கோலத்தை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. பொறிகள் நிறைந்த அறையில் பறக்கும் முடி இடையூறு. ஆகவே குல்லாய் பொருந்துகிறது. (இதே சுனிதா 2006 டிசம்பரில் தம் சடையை அங்கேயே வெட்டி, முடியிழந்த பிள்ளைகளுக்காகப் பூமிக்கு அனுப்பினார். விண்ணில் நடந்த முடிகாணிக்கை என்று இதைச் சொல்லலாமோ?)

ரந்தாவிலும் லிங்கியிலும் பகாவிலும் பால்மரம் வெட்டிய நம் தாய்மார்கள் இந்தக் கணக்கை முன்னமே போட்டவர்கள். ரப்பர்ப் பால் முடியில் பட்டு உறைந்தால் சீப்பு இறங்காது. சில வேளை முடியை நறுக்கியே எடுக்க வேண்டும். ஆகையால் இருள் பிரியுமுன் கொண்டையை இறுக முடிந்து, மேலே துணி சுற்றி, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனார்கள். அந்நேரத்தில் அவர்களை முதன்முறை காணும் ஒருவன் வேற்றுலகத்தார் என்றே அஞ்சியிருப்பான். அந்தத் தலைக்கட்டில் ஓர் உலகமே அடங்கியிருந்தது: மரம், பால், இருள், கூலி, வீடு திரும்பிப் பூ வைத்துக்கொள்ளும் மாலைப்பொழுது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்ட இந்நாளில் அந்தக் கோலத்தைப் பிள்ளைகள் கண்டதில்லை. அவர்கள் எழுதும் விஞ்ஞானக் கதைகளில் பச்சை நிற வழுக்கைத் தலையர் செம்பனைக் காட்டில் இறங்குகிறார்கள், வந்த கையோடு போய்விடுகிறார்கள். கூந்தலை முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்று ஐந்தாகப் பகுத்து ஐம்பால் எனப் பெயரிட்ட மொழியில் எழுதும் பிள்ளைகள் அவர்கள். ஆசிரியர் பெருமக்கள் அக்கதைகளுக்கு மதிப்பெண் இடும்போது, எழுத்துப் பிழையோடு நக்கீரர் வினாவையும் ஓரத்தில் எழுதிக் கேட்கலாகாதா?

கேட்டால் பயன் உண்டு. ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் கதை என் பார்வைக்கு வந்தது. மழையே பெய்யாத ஓர் உலகம். காற்றில் மட்டும் ஈரம் இருக்கிறது. அங்குள்ளோர் கூந்தலாலேயே நீர் பருகுகிறார்கள். ஆகையால் ஆணும் பெண்ணும் முடியை விரித்தே போட்டிருக்கிறார்கள். நம் உலகில் விரித்த கூந்தல் துயரத்தின் அடையாளம், அங்கே அது பசியாறும் கோலம். பின்னிக்கொண்டவர் நோன்பிருப்பவர். நோயுற்ற குழந்தைக்குத் தாய் தன் கூந்தலை அறுத்துப் போர்த்திவிட்டுத் தான் தாகத்தோடு நடக்கிறாள். பன்னிரண்டு வயதில் இவ்வளவு ஒழுங்காக ஓர் உலகத்தைக் கட்ட முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நான்காம் பக்கத்தில்தான் சறுக்கல்: தாகம் தாங்காத தாய் வழியில் ஒரு கடையில் நின்று தண்ணீர்ப் போத்தல் வாங்குகிறாள். வாயால் குடிக்கத் தெரிந்தவள் கூந்தலை ஏன் அறுத்தாள்? அந்தப் போத்தலை எடுத்துவிட்டால் கதை நிற்கும் என்று எழுதியனுப்பினேன். எடுக்க முடியாது, கடைக்காரர்தான் அடுத்த பக்கத்தில் குழந்தையைக் காப்பாற்றுகிறார் என்று மறுமொழி வந்திருக்கிறது.