ஓட ஓட வளரும் வட்டுத்தொகுப்பு

மூன்று வட்டுகளில் ஓடும் ரெய்டு 5 தொகுப்பில் நான்காவதைச் சேர்ப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? லினக்ஸில் எம்டிஆடம் என்ற கருவி செய்கிற வேலைகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். மேலே கோப்புகள் திறந்தே இருக்கும். அடியில் பட்டை பட்டையாகப் படித்து, பாரிட்டியைப் புதிதாகக் கணக்கிட்டு, நான்கு வட்டுகளுக்கும் பிரித்து எழுதிக்கொண்டே போகும். குடியிருக்கும்போதே வீட்டை இடித்துக் கட்டும் கொத்தனார் வேலை.

நீல் பிரவுன் எழுதிய இந்த வசதி 2006இல் 2.6.17 கெர்னலோடு வந்தது. எதுவரை மாற்றியாயிற்று என்பதை வட்டின் சூப்பர்பிளாக்கிலேயே குறித்துக்கொள்வதுதான் இதன் சாமர்த்தியம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் மின்கம்பங்களைச் சாய்த்துப்போட்டதைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கும் சிதம்பரத்துக்காரர்களுக்கும் இதன் அருமை சொல்லாமலே புரியும்: கரண்ட் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். (அதற்காக யுபிஎஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை.)

எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்தால் சதவீதம் ஊர்ந்துகொண்டிருக்கும், பக்கத்தில் இன்னும் எத்தனை நிமிடம் என்ற கணக்கு. டெராபைட் வட்டுகள் என்றால் நாள்கணக்கும் ஆகும். முடிந்தாலும் இடம் தானாகக் கூடிவிடாது. மேலிருக்கும் கோப்பமைப்பையும் பெரிதாக்க வேண்டும்; அது ஈஎக்ஸ்டி4 என்றால் ரீசைஸ்2எஃப்எஸ் ஓட்டவேண்டும். சுருக்குவதோ தலைகீழ்: முதலில் கோப்பமைப்பு, பிறகே வட்டுத்தொகுப்பு. எக்ஸ்எஃப்எஸ் வைத்திருப்பவர்கள் சுருக்கும் ஆசையை ஏறக்குறைய விட்டுவிடலாம்.