எண்ணிக்கையின் மெய்க்கீர்த்தி: காலரா ஆய்வும் மேற்கோள் அரசியலும்

1

பொதுச் சுகாதார ஆய்வாளர் ஒருவரைப் பற்றி இன்று எழுதப்படுகிற அறிமுகக் குறிப்பு ஒரு தனி இலக்கிய வகையாகவே இறுகிப்போய்விட்டது. இத்தனை ஆய்வுக் கட்டுரைகள், இத்தனை நாட்டு நிறுவனங்களோடு கூட்டாய்வு, இத்தனை ஆயிரம் மேற்கோள்கள், ஹெச்-இண்டெக்ஸ் இவ்வளவு. அவ்வளவுதான், ஆள் முடிந்தது. சோழர் மெய்க்கீர்த்திகளைப் பாடமாகப் படித்தவர்களுக்கு இந்தப் பிரதியின் அமைப்பு உடனே பிடிபட்டுவிடும். மன்னன் கொண்ட நாடுகள் வரிசையாக வரும். அந்த நாடுகளில் இருந்த சனங்களுக்கு என்ன ஆயிற்று என்பது வராது. எந்த நோயை ஆராய்ந்தார், அந்த நோயில் சாகிறவர்கள் யார், ஆய்வுக்குப் பிறகு சாவு குறைந்ததா என்கிற கேள்விகளுக்கு இந்த நவீன மெய்க்கீர்த்தியிலும் இடமில்லை.

இதை வெறும் தற்பெருமை என்று ஒதுக்கிவிட முடியாது. யாருக்கு வேலை, யாருக்குப் பதவி உயர்வு, எந்த ஆய்வுக்குப் பணம் என்பதைத் தீர்மானிக்கிற அதிகாரம் இந்தப் பிரதிக்கு இருக்கிறது. 2010-ல் பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குப் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. 2016 முதல் வெளிவருகிற என்ஐஆர்எஃப் தரவரிசையில் கட்டுரைகளின் எண்ணிக்கையும் மேற்கோள்களின் எண்ணிக்கையும் மதிப்பெண்களாகின்றன. மதிப்பெண் இருக்கிற இடத்தில் அதைத் தயாரிக்கிற தொழிலும் வந்துவிடும். தமிழ்நாட்டின் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் எழுதிய கட்டுரைகள் அதே கல்லூரியின் கட்டுரைகளைக் கட்டுக்கட்டாக மேற்கோள் காட்டியதைப் பற்றி 2023-ல் 'சயின்ஸ்' இதழே செய்தி வெளியிட்டது.

இந்தக் கணக்கின் தொடக்கம் வேறு மாதிரியானது. யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் 1955-ல் மேற்கோள் அட்டவணை என்ற யோசனையை 'சயின்ஸ்' இதழில் முன்வைத்தபோது, ஒரு கட்டுரையைப் பின்னால் வந்தவர்கள் எப்படி விமர்சித்திருக்கிறார்கள் என்று வாசகன் தேடிக் கண்டுபிடிக்க ஒரு வழி வேண்டும் என்றுதான் சொன்னார். தவறான தரவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள்வதைத் தடுப்பது அவர் நோக்கங்களில் ஒன்று. ஆக, விமர்சனத்துக்கான கருவியாகத்தான் இது பிறந்தது. 1960களில் சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் அச்சாகி வந்தது. 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் ஒரு மனிதரின் மொத்த உழைப்பையும் ஒற்றை எண்ணாக்கும் ஹெச்-இண்டெக்ஸைக் கொடுத்தார். தேடுவதற்கு வந்த அட்டவணை எடைபோடும் தராசாகிவிட்டது. ஒருவரைப் புகழ்ந்து எடுத்தாண்டாலும், கிழித்துப் போட்டாலும், மரியாதைக்கு ஒரு கும்பிடு போட்டாலும் தராசில் எல்லாமே ஒன்று.

1969-ல் ஃபூக்கோ 'ஆசிரியன் என்பது என்ன' என்று கேட்டபோது, 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் அறிவியல் சொல்லாடல் ஆசிரியர் பெயரை நம்பியிருப்பதை விட்டது என்றும், யார் சொன்னாலும் மீண்டும் நிரூபிக்கக்கூடியதே உண்மை என்றாயிற்று என்றும் சொன்னார். மேற்கோள் கணக்கு அந்தப் பெயரைப் புறவாசல் வழியாகத் திரும்பக் கூட்டிவந்திருக்கிறது, இந்த முறை நாணயமாக. இந்த நாணயம் என்ன செய்தது, என்ன செய்யத் தவறியது என்பதைக் காலரா ஆய்வின் வரலாற்றில் வைத்துப் பார்க்கலாம்.

2

1884-ல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் காலராக் கிருமியை உறுதிசெய்தார். அது ஒரு நஞ்சை வெளிவிடுகிறது என்றும் கருதினார். அந்த நஞ்சு இருப்பதைக் காட்ட 75 ஆண்டுகள் ஆயின. காட்டியவர் சம்புநாத் டே. 1915-ல் வங்காளத்தில் பிறந்து, 1949-ல் லண்டனில் ஆய்வுப் பட்டம் பெற்று, கல்கத்தாவுக்கே திரும்பிவந்த நோய்க்குறியியல் ஆசிரியர். 1953-ல் டி.என்.சாட்டர்ஜியோடு சேர்ந்து உயிருள்ள முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு பக்கமும் நூலால் கட்டி, அதற்குள் காலராக் கிருமியைச் செலுத்தினார். அந்தத் துண்டில் நீர் சேர்ந்து உப்பியது. 1959 மே மாதம் 'நேச்சர்' இதழில் தனியொருவராக ஒரு கட்டுரை எழுதினார். மொத்தமே இரண்டு பக்கம். கிருமியை வடிகட்டி எடுத்துவிட்டு வெறும் திரவத்தைச் செலுத்தினாலும் குடலில் அதேபோல நீர் சேர்கிறது என்பதுதான் அதன் சாரம். குடலிலிருந்து நீரை வெளியே இழுப்பது கிருமி விட்டுவைத்த நஞ்சு என்று இதனால் தெரிந்தது.

இன்று காலராவைப் பற்றிய எந்தப் பாடமும் இந்த இரண்டு பக்கத்தைத் தாண்டாமல் நகர முடியாது. ஆனால் வெளிவந்த முதல் சில ஆண்டுகளில் அதை எடுத்தாண்டவர்கள் மிகச் சிலரே. 1969-ல் அமெரிக்காவில் ஃபின்கெல்ஸ்டைனும் லோஸ்பல்லூட்டோவும் நஞ்சைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார்கள். அதற்குப் பிறகு துறையே அந்தப் பக்கம் திரும்பியது. 1978-ல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு டே அழைக்கப்பட்டார். 1985-ல் இறந்துபோனார். அதுவரை இந்திய அறிவியல் அகாதமிகளில் ஒன்றுகூட அவரை உறுப்பினராக்கவில்லை. பெரிய விருது எதுவும் தரப்படவில்லை.

இதை வெள்ளைக்காரன் சதி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நம்மில் பலருக்கு அது பழக்கமும்கூட. ஆனால் கட்டுரையை அச்சிட்டது லண்டன் இதழ். காலம் தாழ்த்தியாவது அவரை அழைத்தது ஸ்டாக்ஹோம். வாயைத் திறக்காதது தில்லியும் பெங்களூருந்தான். வெளியூர் முத்திரைக்காகக் காத்திருப்பது காலனிய மனம் என்று சொல்கிறோம். டே விஷயத்தில் முத்திரை வந்த பிறகும் உள்ளூர் அதிகாரம் அசையவில்லை. இதற்குக் காலனியம் என்ற ஒற்றை விளக்கம் போதாது. நம்முடைய அறிவு நிறுவனங்களுக்கு உள்ளே இருக்கிற வட்டங்களையும் வாசல்களையும் பற்றித் தனியாகப் பேசியாக வேண்டும்.

இங்கே ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். டேயின் பெயரை மறுபடி பொதுவெளிக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், மேற்கோள் கணக்கைத் தொடங்கிய அதே கார்ஃபீல்ட். 1986-ல் காலரா ஆய்வுகளின் மேற்கோள் வரைபடத்தைப் போட்டு, அதில் கல்கத்தாக்காரரின் இடம் என்ன என்று ஒரு கட்டுரை எழுதினார். 1990-ல் 'கரண்ட் சயின்ஸ்' சிறப்பிதழ் வந்தது. அப்படியானால் கணக்கு நியாயம் செய்துவிட்டதே என்று ஒருவர் கேட்கலாம். செய்தது, 27 ஆண்டுகள் கழித்து, ஆள் செத்த பிறகு. இன்றைக்கு இதழ்களின் தரத்தைச் சொல்ல அதிகம் புழங்குகிற இம்பாக்ட் ஃபாக்டர் முந்தைய இரண்டே ஆண்டுகளின் கட்டுரைகளைத்தான் கணக்கில் எடுக்கிறது. 1961-ல் இன்றைய புள்ளிப் படிவத்தை டேயிடம் நீட்டியிருந்தால் அவர் தேறியிருப்பாரா என்று யோசித்துப் பாருங்கள். தவிர, கார்ஃபீல்ட் எண்ணோடு நிற்கவில்லை. எண் காட்டிய இடத்துக்குப் போய்க் கதையை வாசித்தார். நம்முடைய தேர்வுக் குழுக்கள் செய்யாதது அந்த இரண்டாவது வேலையைத்தான்.

3

அடுத்தது கூட்டாய்வு. மெய்க்கீர்த்தியில் இது நாடுகளின் பட்டியலாக வரும். காலரா வரலாற்றில் அது எப்படி நடந்தது?

1953 நவம்பரில் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி (முன்னே சொன்ன சாட்டர்ஜி வேறு, இவர் வேறு) 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கல்கத்தாவில் 186 காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுத்துத் தேற்றியதைச் சொன்னார். வயிற்றுப்போக்கை நிறுத்தக் கற்பூரவள்ளிச் சாற்றையும் பயன்படுத்தியிருந்தார். ஒப்பீட்டுக் குழு இல்லை, அளவீடுகள் போதாது என்பது அந்தக் கட்டுரையின் மீதான குறை. குறை உண்மைதான். ஆனால் குறை கண்டவர்கள் அதைத் திருத்தமாகச் செய்துபார்த்திருக்கலாமே? 1968-ல் டாக்காவில் நலினும் காஷும், இஸ்லாம், மொல்லா முதலியவர்களோடு சேர்ந்து முறையான ஆய்வை வெளியிடும்வரை 15 ஆண்டுகள் போயின. அந்த 15 ஆண்டில் காலராவில் செத்தவர்கள் எந்த அட்டவணையிலும் இல்லை.

1971-ல் வங்கதேசப் போர். எல்லையோரப் பங்கான் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோகிறது. திலீப் மகாலனபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் நீரில் கலந்து பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே குவளை குவளையாக ஊட்டச் சொன்னார். 30 சதவீதம் வரை போயிருந்த சாவு சுமார் 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. 1973-ல் வந்த கட்டுரையில் ஆசிரியர்கள் ஐந்து பேர். இரவெல்லாம் விழித்து ஊட்டியவர்கள் அந்த ஐந்து பேரில் இல்லை. அவர்கள் பெயரைச் சேர்த்திருக்க வேண்டும் என்று நான் வாதிட வரவில்லை. ஆய்வின் முடிவு அவர்கள் கைகளில்தான் நிரூபணமானது என்பதைக் கூட்டாய்வு என்ற சொல்லால் சொல்ல முடியவில்லை என்கிறேன். அந்தச் சொல்லுக்கு நிறுவனத்தோடு நிறுவனம் கைகுலுக்குவது மட்டும்தான் தெரியும்.

1980 முதல் 1990 வரை வங்கதேசத்தில் பிராக் அமைப்பு இன்னொரு காரியம் செய்தது. பெண் பணியாளர்கள் சுமார் 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்குப் போய், மூணு விரல் உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பணியாளரின் சம்பளம் எத்தனை வீடு ஏறி இறங்கினார் என்பதை மட்டும் வைத்துத் தரப்படவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொருவர் போய்ச் சில வீடுகளில் கேட்பார். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதற்கேற்பச் சம்பளம். இதுவும் எண்ணிக்கைதான். ஆனால் எண்ணப்பட்டது வாசகர்.

அதிலும் ஓட்டை இருந்தது. தாய்மார்கள் ஒப்பித்தார்கள், ஆனால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது கலக்கிக் கொடுத்தவர்கள் குறைவு. ஏன் என்று விசாரித்தபோது, கற்றுக்கொடுத்த பணியாளர்களுக்கே உப்பு வெல்லத் தண்ணீரின் மேல் நம்பிக்கை இல்லை என்பதும், வீட்டு ஆண்களிடம் யாரும் பேசவில்லை என்பதும் வெளிவந்தன. உடனே முறையை மாற்றினார்கள். பணியாளர்களுக்கு அறிவியல் காரணம் விளக்கப்பட்டது, ஆண்களிடமும் பேசப்பட்டது. எண் நன்றாக இருக்கிறது என்று சாய்ந்து உட்காராமல், எண் எதை மறைக்கிறது என்று கேட்டதால்தான் இது முடிந்தது.

4

பொதுச் சுகாதாரப் பிரதியின் வாசகர் யார் என்பதே இங்கே கேள்வி. இன்னொரு ஆய்வாளர்தான் வாசகர் என்றால் மேற்கோள் கணக்கு போதும். உப்பும் வெல்லமும் கலக்குகிற தாய்தான் கடைசி வாசகர் என்றால் அந்தக் கணக்கு பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. அந்தத் தாய் 'நேச்சர்' 1959 என்று அடிக்குறிப்புப் போடமாட்டாள். அவள் குழந்தை பிழைத்துக்கொள்ளும்.

மேற்கோள் என்பது நமக்கு அந்நியமான விஷயமும் அல்ல. வளையாபதி போன்ற தொலைந்த நூல்களின் பாடல்கள் பல நமக்குக் கிடைத்திருப்பது உரையாசிரியர்களும் தொகுப்பாளர்களும் எடுத்துக்காட்டியதால்தான். அங்கே மேற்கோள் காட்டியவர் நூலை வாசித்திருந்தார். உடன்பட்டார், அல்லது மறுத்தார். அதே மரபில்தான் 'என்ப', 'என்மனார்' என்று முன்னோர் அனைவரையும் பெயரில்லாத கும்பலாக்கிவிடும் பழக்கமும் இருந்தது. பெயரைச் சொல்லாமல் விடுவதும் ஒரு அதிகாரந்தான். டேக்கு நடந்ததும் அதுதான். ஆகவே மேற்கோளே வேண்டாம், பெயரே வேண்டாம் என்று பேசுவது பம்மாத்து. பெயர் வேண்டும். வாசித்துவிட்டுச் சொல்லப்பட்ட பெயராக அது இருக்க வேண்டும்.

மருத்துவ இயக்கங்களில் வேலை செய்கிற நண்பர்களுக்கு ஒன்று சொல்லலாம். ஓர் ஆய்வாளரின் எண்களை யாராவது உங்கள் முன் விரித்துக் காட்டினால், அவருடைய ஒரே ஒரு கட்டுரையைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். கிருமியும் ரத்தமும் யாருடைய உடம்பிலிருந்து எடுக்கப்பட்டன, முடிவு அவர்களிடம் திரும்பிப் போனதா, எந்த மொழியில் போனது, கூட்டாளிகளில் யார் பணத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று பாருங்கள். சம்புநாத் டேயின் கட்டுரை இரண்டே பக்கம். 1959-லிருந்து 1985 வரை, வாசித்து முடித்துவிட்டு அவருடைய பெயரை ஓர் அகாதமிக்குள் சொல்ல இந்த நாட்டில் நேரமில்லாமலா போயிற்று?