வெட்டுக்கிளி நிலையம்

மெக்சிகோ நகர மெட்ரோ வரைபடத்தில் நிலையங்களின் பெயர்களை மறைத்துவிட்டாலும் ஊரைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம். வெட்டுக்கிளி, வாத்து, மணி, பீரங்கி, பழப்பெட்டி, பாய்மரக் கப்பல் என்று நிலையத்துக்கு ஒரு படம். 1969 செப்டம்பர் 4 அன்று முதல் தடம் 16 நிலையங்களோடு திறக்கப்பட்டபோது தொடங்கிய வழக்கம் இது. இன்று 12 தடங்கள், 195 நிலையங்கள். படம் இல்லாத நிலையம் ஒன்றுகூட இல்லை. நவீன வடிவமைப்பில் உங்களுக்குப் பிடித்தது எது என்று யாராவது கேட்டால், நாற்காலியையோ கைபேசியையோ தேடிப் போகாமல் இந்தப் படங்களைத்தான் காட்டுவேன்.

இவற்றைத் தொடங்கி வைத்த லான்ஸ் வைமன் மெக்சிகோக்காரர் அல்ல. 1937இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்தவர். 1968 ஒலிம்பிக்கின் காட்சி வடிவமைப்புக்கு நடந்த போட்டிக்காக, 1966இன் கடைசியில் பீட்டர் மர்டாக் என்ற நண்பரோடு மெக்சிகோவுக்கு வந்தார். திரும்பிப் போகும் சீட்டுக்குக் காசில்லாமல் வந்தார்கள் என்று சொல்வதுண்டு. ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்தவர் பெத்ரோ ராமிரெஸ் வாஸ்கெஸ் என்ற கட்டடக்கலைஞர். 1964இல் திறந்த தேசிய மானுடவியல் அருங்காட்சியகம் அவர் கட்டியது. வைமன் அங்கே போய்ப் பழங்குடிக் கலைகளைப் பார்த்தார். தேன்மெழுகு பூசிய பலகையில் வண்ண நூலை வரிவரியாக அழுத்தி ஒட்டி உருவம் செய்வது ஹுயிச்சோல் மக்களின் கலை. இழைக்கோலத்தில் ஒரு கோட்டை ஒட்டி இன்னொரு கோடு போவது போல, மானைச் சுற்றி நூல், அந்த நூலைச் சுற்றி இன்னொரு நூல் என்று பலகை முழுக்க அலை பரவும். அதே காலத்தில் லண்டனில் பிரிட்ஜெட் ரைலி போன்றவர்கள் கறுப்பு வெள்ளைக் கோடுகளால் கண்ணை ஏமாற்றும் ஓவியங்களை வரைந்துகொண்டிருந்தார்கள். இரண்டும் ஒரே தாளில் சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்கு விடையாக ‘மெக்சிகோ 68’ சின்னம் வந்தது. ஐந்து வளையங்கள் 6, 8 என்ற எண்களுக்குள் கரைந்து, அங்கிருந்து கோடுகள் விரிந்து நாட்டின் பெயராகும்.

வடிவமைப்புப் பாடநூல்கள் போற்றுவது அந்தச் சின்னத்தைத்தான். எனக்கு அதில் கொஞ்சம் அலுப்பு உண்டு. ‘என்னைப் பார்’ என்று அது கத்துகிறது. திருவிழாச் சின்னம், கத்தட்டும், அது அதன் வேலை. ஒலிம்பிக் முடிந்த கையோடு அதே வைமன், அர்துரோ கின்யோனெஸ், பிரான்சிஸ்கோ கயார்தோ ஆகியோரோடு செய்த மெட்ரோ படங்கள் அடங்கிய குரலில் பேசுகின்றன. அவற்றின் ரசிகர் அவசரத்தில் இருப்பவர், கூட்டத்தில் நசுங்குபவர், எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவர். படிக்கத் தெரியாதவர்கள் கணிசமாக வாழ்ந்த நகரம் அது.

சாபுல்தெபெக் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாவாட்ல் மொழியில் அந்தப் பெயருக்கு வெட்டுக்கிளிக் குன்று என்று பொருள். இளஞ்சிவப்புச் சதுரத்தில் வெள்ளை நிழலுருவாக ஒரு வெட்டுக்கிளி. அவ்வளவுதான். ஆனால் அஸ்தெக்குகளின் பழஞ்சுவடிகளைப் பார்த்தால் இதே சங்கதி அங்கே இருக்கிறது. ஊர்ப் பெயர்களை அவர்கள் படமாகத்தான் எழுதினார்கள். குன்றுக்கான குறியை வரைந்து அதன்மேல் வெட்டுக்கிளியை உட்கார வைத்தால் சாபுல்தெபெக். ஐரோப்பிய எழுத்து வந்து மூடிவிட்ட ஒரு வழக்கத்தை, ரயில் வரப்போகிறது என்ற சாக்கில் மறுபடி திறந்துவிட்டார்கள்.

பெயர் மனிதருடையதாக இருக்கும் இடங்களில் கைத்திறன் இன்னும் கூடுகிறது. பினோ சுவாரெஸ் 1913இல் கொல்லப்பட்ட துணைக் குடியரசுத் தலைவர். மீசையோடு ஒரு முகத்தை வரைந்து முடித்திருக்கலாம். 1967இல் அங்கே சுரங்கம் தோண்டியபோது, காற்றின் கடவுளான எஹேகாத்லுக்கு அஸ்தெக்குகள் கட்டிய வட்டவடிவப் பீடம் ஒன்று கிடைத்தது. அதை அப்புறப்படுத்தவில்லை, நிலையத்துக்குள்ளேயே விட்டுவிட்டார்கள். தடம் மாறிப் போகும் பயணிகள் அதைக் கடந்துதான் நடக்கிறார்கள். சின்னத்தில் இருப்பதும் அந்தப் பீடம்தான். இசபெல் அரசியின் பெயர் கொண்ட நிலையத்தில் அரசி இல்லை, கொலம்பஸின் கப்பல் இருக்கிறது. ‘கிளர்ச்சியாளர்கள்’ நிலையத்தில் ஆளே இல்லை, 1810இல் பாதிரியார் ஹிதால்கோ அடித்த விடுதலை மணி மட்டும். மெர்செத் சந்தைக்கு ஒரு பழப்பெட்டி. சான் லாசரோவில் பழைய ரயில் நிலையம் இருந்ததால் நீராவி எஞ்சின். காந்தெலாரியாவுக்கு வாத்து. அந்தப் பகுதி ஒருகாலத்தில் ஏரி என்பதை அறியாதவர்க்கு இந்த வாத்து வேடிக்கை. அறிந்தவர்க்கு, மண்ணைப் போட்டு மூடிய தெக்ஸ்கோகோ ஏரி காலடியில் அசைகிற மாதிரி இருக்கும்.

வரைந்த விதமும் கவனிக்கத்தக்கது. மூலைகள் மழுங்கிய சதுரச் சட்டம். அதே மழுங்கலை எழுத்துருவிலும் கொண்டுவந்திருக்கிறார்கள். படமும் பெயரும் ஒரே கை எழுதியவை போல நிற்பது அதனால்தான். தடத்துக்கு ஒரு நிறம், இரு தடங்கள் கூடும் நிலையத்தில் பின்புலம் இரு நிறம். வாத்தின் இறகுகளை எண்ணியெண்ணி வரையவில்லை, மணியில் பூவேலை இல்லை. ஓடும் ரயிலின் ஜன்னல் வழியே ஒரு கணம் பார்த்தாலும் பிடிபட வேண்டும். கைக்குள் அடங்கும் வரைபடத்தில் நகக்கண் அளவுக்குச் சுருங்கினாலும் பிடிபட வேண்டும். இந்த இரண்டு சோதனைகளும் வேண்டாததையெல்லாம் உதிர்த்துவிடுகின்றன.

எழுத்தறியாதவர்க்காகப் படம் வரைவது நமக்கும் பழக்கம்தான். 1951–52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலிலிருந்தே சின்னம் பார்த்து வாக்களித்து வருகிறோம். ஆனால் தேர்தலில் ஆணையம் கொடுக்கும் சின்னத்துக்குக் கட்சிதான் பின்னால் அர்த்தம் ஏற்ற வேண்டும். பானையும் பம்பரமும் யாருக்கும் வாய்க்கலாம். காந்தெலாரியாவின் வாத்தை இன்னொரு நிலையத்துக்குத் தூக்கிக்கொடுக்க முடியாது.

அழகைப் பேசும்போது ரத்தத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பேசுவது 1968 மெக்சிகோ விஷயத்தில் நேர்மையாகாது. ஒலிம்பிக் தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது, அக்டோபர் 2 அன்று, த்லாதெலோல்கோ சதுக்கத்தில் கூடிய மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பது இன்றும் வழக்குத்தான். வைமன் குழு அமைதிக்காக வரைந்த வெள்ளைப் புறா நகரமெங்கும் கடைக் கண்ணாடிகளில் ஒட்டப்பட்டிருந்தது. அதன் நெஞ்சில் மாணவர்கள் சிவப்பு மையைப் பீய்ச்சினார்கள். ஒலிம்பிக் விளையாட்டுப் படங்களின் பாணியிலேயே, தடியால் அடிக்கும் போலீஸ்காரரை வரைந்து சுவரில் ஒட்டினார்கள். அரசுக்காகச் செய்த ஒரு காட்சிமொழி அரசையே திட்டவும் உதவியது. ஒரு வடிவத்தை மக்கள் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்களா என்பதற்கு இதைவிடக் கொடுமையான சோதனை கிடையாது.

இப்போது வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகள் உத்வேகம் வேண்டும் என்றால் திரையில் ஆயிரம் படங்களைச் சேர்த்துவைக்கிறார்கள். தப்பில்லை, நானும் சேர்ப்பவன்தான். ஆனால் அந்த ஆயிரமும் ஏற்கெனவே யாரோ பார்த்து முடித்தவை. மெட்ரோ படங்கள் செய்தவர்களுக்கு வேண்டியது அந்தந்த நிலையத்தின் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கிடந்தது. அதைப் போய்ப் பார்த்தார்கள், சுவடியைப் புரட்டினார்கள்.

எல்லாப் படங்களும் நன்றாயிருக்கின்றன என்று சொல்ல மாட்டேன். மூன்றாம் தடம் 1983இல் தெற்கே நீண்டபோது ஒரே நாளில் திறந்த இரண்டு நிலையங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோயோவகானுக்கு கோயோத்தே என்னும் ஓநாய் இன விலங்கு. பழைய ஊர்க்குறியிலிருந்து இறங்கி வந்தது, ஒரு குழந்தைகூட விரலால் காற்றில் வரைந்துவிடும். கடைசி நிலையமான பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகத்தின் முத்திரையையே அப்படியே சுருக்கிச் சதுரத்துக்குள் திணித்துவிட்டார்கள். கழுகு, கழுகுபோன்ற இன்னொரு பறவை, நடுவில் வரைபடம், சுற்றிலும் எழுத்து. லெட்டர்பேடில் கம்பீரமாக இருக்கும். நடைமேடையில் ஒன்றும் தெரியாது. ஐந்தாம் தடத்துப் பொலிதெக்னிகோவிலும் இதே கதை. அறுபத்தெட்டில் சுவரொட்டி வரைந்த மாணவர்களின் பல்கலைக்கழகம் அந்த மூன்றாம் தடத்துப் பல்கலைக்கழகம். அதன் நிலையத்துக்கு வரைய விஷயம் இல்லாமலா போயிருக்கும்? வரையச் சொன்னவர்களுக்கு முத்திரை போதும் என்று தோன்றியிருக்கிறது.