செல்போன் தடையும் 6.4 சதவீதக் கணக்கும்

"பள்ளிக்கூடத்தில் செல்போனைத் தடை செய்தால் மார்க் 6.4 சதவீதம் ஏறும், லண்டன்காரர்கள் நிரூபித்துவிட்டார்கள்." இந்த வரி பல வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. வகுப்பறையில் போன் கூடாது என்பதுதான் என் கட்சியும். ஆனால் இந்த வரியை வைத்துத் தடை கேட்காதீங்க.

மூல ஆய்வு லூயி-பிலிப் பெலாண்ட், ரிச்சர்ட் மர்ஃபி இருவரும் செய்தது. 2015-இல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வழியாக வெளிவந்தது. பர்மிங்காம், லண்டன், லெஸ்டர், மான்செஸ்டர் நகரங்களில் 91 பள்ளிகள். அதில் 6.41 சதவீதம் என்ற எண் இருப்பது நிஜம். ஆனால் அது மார்க்கில் 6.41 சதவீதம் இல்லை, திட்ட விலக்கத்தில் 6.41 சதவீதம். பரீட்சை எழுதினவர்களின் மார்க் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்பதன் அளவுதான் திட்ட விலக்கம். 100-க்கு நடக்கும் தேர்வில் அது 15 மார்க் என்று வைத்துக்கொள்ளுங்க. 15-இல் 6.41 சதவீதம் என்பது 0.96. ஒரு மார்க்கைக்கூட எட்டவில்லை.

அதே ஆய்வில் யாரும் பரப்பாத இன்னொரு எண் இருக்கிறது. படிப்பில் கடைசி நிலையில் இருந்த மாணவர்களுக்குக் கிடைத்த லாபம் 14.23 சதவீதம். நம் கணக்கில் சுமார் இரண்டு மார்க். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு மாற்றம் எதுவும் தெரியவில்லை. போன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர்கள் படித்துவிடுவார்கள் போல. 35 எடுத்தால்தான் பாஸ் என்கிற ஊரில், 33-இல் நிற்கிற பையனுக்கு இந்த இரண்டு மார்க் சின்ன விஷயமா? தடைக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் கையில் எடுத்திருக்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

அதையும் அப்படியே நம்பிவிட முடியாது. அந்தப் பள்ளிகளில் பாதி 2007-க்குள்ளேயே தடை போட்டுவிட்டன. அப்போது கையில் இருந்தது பட்டன் போன், எஸ்எம்எஸ்; ரீல்ஸ் கிடையாது. 2020-இல் ஸ்வீடனில் இதே கேள்வியை ஆராய்ந்தார்கள், மார்க்கில் பலன் எதுவும் கிடைக்கவில்லை. 2025-இல் வந்த பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வு 30 பள்ளிகளில் 1,227 மாணவர்களைப் பார்த்தது. தடை உள்ள பள்ளிகளில் பள்ளி நேரத்து உபயோகம் குறைந்திருந்தது. ஆனால் நாள் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை, மனநலத்திலும் இல்லை. அதாவது பள்ளி வாசலில் தடுத்தது சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இங்கிலாந்தில் போன் என்றால் அது அந்தப் பிள்ளையோட போன். பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் பெரும்பாலும் அது வீட்டுப் போன். அப்பா திருப்பூரிலோ பெங்களூரிலோ வேலையில் இருப்பார், பிள்ளை பாட்டியோட இருக்கும். கேஸ் புக்கிங், உதவித்தொகை ஓடிபி, அப்பாவோட வீடியோ கால் எல்லாமே அந்த ஒரு போனில்தான். 14 முதல் 16 வயது வரையுள்ள கிராமத்துப் பிள்ளைகளை நாடு முழுக்கக் கேட்ட ஏசர் 2024 அறிக்கைப்படி, ஸ்மார்ட்போன் இயக்கத் தெரிந்தவர்களிலேயே சொந்தமாக வைத்திருப்பது பையன்களில் 36.2 சதவீதம், பெண் பிள்ளைகளில் 26.9 சதவீதம்தான்.

இந்த இடத்தில்தான் 2022 மே மாதம் பள்ளிக் கல்வி அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி சொன்னது எனக்கு இடிக்கிறது. மாணவர்கள் செல்போன் கொண்டுவந்தால் பறிமுதல் செய்யப்படும், திரும்பத் தரப்படாது என்றார். பறிமுதல் வரைக்கும் சரி. ஆனால் திரும்பத் தராவிட்டால் தண்டனை யாருக்கு? தவணை கட்டிக்கொண்டிருக்கிற அம்மாவுக்கு. பெண் பிள்ளையாக இருந்தால் இன்னும் மோசம். "இனி உனக்குப் போனும் வேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாம்" என்று சொல்ல ஆள் தயாராக இருக்கிற வீடுகள் நம் மாவட்டத்தில் இன்னும் உண்டு.

இன்னொரு முரண். காலையில் போன் கூடாது என்கிற அதே பள்ளி, ராத்திரி எட்டு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் வீட்டுப்பாடம் போடுகிறது. கொரோனாவில் ஒட்டிக்கொண்ட பழக்கம், போகவே இல்லை. பிள்ளை போனைக் கேட்டால் வீட்டில் எப்படி மறுப்பது? பாடத்தைப் பார்க்க அஞ்சு நிமிஷம், அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் யூடியூப். கரும்பலகையில் எழுதிப்போட்டால் தீர்கிற விஷயம் இது. நிஜமாகவே தடை வேண்டும் என்கிற தலைமை ஆசிரியர் முதலில் கை வைக்க வேண்டியது அந்தக் குரூப்பில்தான். அதற்கு அரசாணைகூடத் தேவையில்லை.

2025 பிப்ரவரி 28 அன்று டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி அனூப் ஜெய்ராம் பம்பானி கொடுத்த உத்தரவு எனக்கு நடைமுறைக்கு ஒத்ததாகத் தெரிகிறது. முழுத் தடை விரும்பத்தக்கதும் இல்லை, சாத்தியமும் இல்லை; முடிந்த இடங்களில் வந்ததும் போனை ஒப்படைத்துவிட்டு, போகும்போது வாங்கிக்கொள்ளலாம்; வகுப்பில் உபயோகம் கூடாது; பெற்றோரைக் கலந்து விதிகளை வகுக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையாகப் பறிமுதலையும் அது அனுமதிக்கிறது.

கடைசி டவுன் பஸ்ஸைப் பிடித்து இருட்டில் ஊர் போகிற பிளஸ் டூ பொண்ணு, பஸ் வரவில்லை என்றால் வீட்டுக்குச் சொல்ல வழி இருக்கணும். அதற்கு வேண்டியது பூட்டுள்ள ஒரு பீரோ, நம்பர் போட்ட டோக்கன், கையெழுத்து வாங்க ஒரு நோட்டு, காலையிலும் மாலையிலும் பத்து நிமிஷம் நிற்க ஒரு ஆள். போன் தொலைந்தால் யார் பொறுப்பு என்பதையும் அந்த நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடணும்.