வடிவாம்பாளுக்கு ஒரு பாட்டு இல்லை

திருவண்ணாமலை பெரிய கோயிலில் நாதஸ்வரம் கேட்டால் எனக்கு உடனே 'தில்லானா மோகனாம்பாள்' (1968) ஞாபகம்தான் வரும். படத்துக்காக வாசித்த எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுக்காகவே எத்தனை தடவை வேணும்னாலும் பார்க்கலாம். ஆனா இந்தத் தடவை சிக்கல் சண்முகசுந்தரத்தை விட்டுட்டு, மோகனாவின் அம்மா வடிவாம்பாளையே பார்த்துக்கிட்டிருந்தேன்.

அவள் பேராசைக்காரி என்று படம் முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிட்டது. மைனரோ மகாராஜாவோ, பணக்காரன் எவன் வந்தாலும் அவள் முகம் மலரும். தூதுக்கு இருக்கவே இருக்கிறான் வைத்தி. சி.கே. சரஸ்வதி நடிப்பில் நமக்கும் ஆத்திரம் வந்துவிடும். சரி, அவள் ஏன் அப்படிக் கணக்குப் போடுகிறாள்?

எங்க மாவட்டத்துப் புரிசையில் தெருக்கூத்து அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும். கண்ணப்பத் தம்பிரான் குடும்பம் அப்படித்தான். பெண் வேஷம் கட்டியதும் ஆண்களே. சதிர் ஆடிய வீடுகளில் இது தலைகீழ். கலை அம்மாவிடமிருந்து மகளுக்கு. வீட்டுச் சோறும் அந்த மகளின் சலங்கையில்தான். கோயிலும் ஜமீனும் மிராசும் ஆதரித்தால் உண்டு. 1947ல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. வரவேண்டிய சட்டம்தான், அதில் சந்தேகமில்லை. கொத்தமங்கலம் சுப்புவின் கதை ஆனந்த விகடனில் தொடராக வந்தது அதற்கப்புறம். பழைய ஏற்பாடு கலைந்தபிறகு அந்த அம்மாக்கள் எதை நம்பிப் பிழைத்தார்கள் என்று கேட்க படத்துக்கு நேரமில்லை.

ஹாலிவுட்டின் 'ஜிப்ஸி' (1962) படத்திலும் மேடையை நம்பிப் பிழைக்கும் குடும்பம், மகளை வைத்துக் கணக்குப் போடும் அம்மா. கூச்சப்படும் மகள் லூயிஸை ஆடை களையும் ஆட்ட மேடைக்கே தள்ளிவிடுகிறாள் ரோஸ். வடிவாம்பாள் எவ்வளவோ தேவலை! ஆனா கடைசியில் ரோஸ் காலி மேடையில் தனியாக நின்று, ஒரு முழுப் பாட்டில் தன் வழக்கைச் சொல்கிறாள் (ரோசலிண்ட் ரஸ்ஸல்). நாம மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம். அவள் பக்கத்தைக் காதுகொடுத்துக் கேட்டாச்சு.

ஏ.பி. நாகராஜனுக்கு இது தெரியாமல் இல்லை. டி.கே.எஸ். சகோதரர்கள் குழுவில் நடித்து வளர்ந்தவர். மேடையில் சம்பாதிக்கும் பெண்ணின் தனிமையை ஜில் ஜில் ரமாமணிக்குள் வைத்தவரும் அவர்தான்; மனோரமா சிரிக்க வைத்துக்கொண்டே அதைக் காட்டிவிடுவார். அந்தப் பரிவில் கால்வாசி வடிவாம்பாளுக்குக் கிடைத்திருக்கலாம்.

மோகனாவுக்குக் கல்யாணம் ஆகிறது, படம் முடிகிறது. இனிமேல் அவள் ஆடுவாளா? அம்மாவாவது கேட்டிருக்கலாம்.